முன்சக்கரத்தில் ஒரு ‘டொக்’

நேயர்களுக்கு வணக்கம். போன மழைக்காலத்தில் எங்கள் பட்டறைக்கு ஒரு சின்ன கார் வந்தது. 70,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. குண்டும் குழியுமான தெருவில் மெதுவாகப் போனால் முன்பக்கம் இடதுபுறம் ‘டொக் டொக்’ என்று சத்தம்.

“வேற இடத்துல முன்னாடி ஷாக் ரெண்டையும் மாத்திட்டேன் அண்ணே. சத்தம் அப்படியே இருக்கு” என்றார் வண்டிக்காரர்.

பாவம், வண்டியின் குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர். முன்னால் எது தட்டினாலும் பழி அதன்மேல்தான்.

சத்தம் எங்கே வருகிறது என்று வண்டிக்காரர் சொல்வதை நான் பாதிதான் நம்புவேன். தகரமும் இரும்பும் சத்தத்தைக் கடத்திவிடும். வலதுபக்கம் தட்டுவது இடதுபக்கம் கேட்கும். அதனால் எப்போது வருகிறது என்று கேட்பேன். பிரேக் பிடித்ததும் ஒரு ‘டொக்’, கிளம்பும்போது இன்னொன்று என்றால் லோயர் ஆர்ம் புஷ்ஷை, அதாவது சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் இரும்புக் கையின் ரப்பர் வளையத்தை, முதலில் பார்ப்பேன். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சுருள்வில் துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்ட், அதாவது ஷாக்கின் மேல்முனையைப் பாடியோடு சேர்க்கும் இருக்கை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வண்டியை நகர்த்தும்போது ‘டக டக’ என்றால் அது சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டான ஆக்ஸில் ஜாயிண்ட்; வண்டியைத் தாங்கிக் குலுக்கலை வாங்கும் சஸ்பென்ஷனே இல்லை. பள்ளத்தில் லொடலொடக்கிற சத்தம் பிரேக்கை லேசாக மிதித்ததும் நின்றால், பிரேக் பேட் ஆடுகிறது.

இந்த வண்டியில் இது எதுவும் இல்லை. சரி, வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கும்போது எப்படி என்று கேட்டேன்.

“அப்ப சத்தமே இல்ல அண்ணே.”

எனக்கு அது போதும். இரண்டு முன்சக்கரங்களுக்கும் நடுவே ஸ்டெபிலைசர் பார் என்று ஒரு கம்பி ஓடுகிறது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால்தான் அது முறுக்கிக்கொள்ளும். இரண்டும் ஒன்றாக ஏறினால் அதற்கு வேலை இல்லை. அந்தக் கம்பியைச் சக்கரத்தோடு சேர்ப்பது லிங்க் ராடு. நீளம் ஒரு சாண், தடிமன் விரல் அளவு. இரண்டு முனையிலும் உருண்டை மூட்டு.

முன்பு பார்த்தவரும் அதை ஆட்டிப் பார்த்திருக்கிறார். ஆனால் ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு. சக்கரம் தொங்கினால் கம்பி முறுக்கி, லிங்க் ராடு இறுகி நிற்கும், தேய்மானம் தெரியாது. நான் வண்டியைப் பட்டறைக் குழிமேல் நிறுத்தி, நாலு சக்கரமும் தரையில் இருக்க, கீழிருந்து பிடித்து ஆட்டினேன். ஆடுகிற பல்லைப் போல விரலில் பட்டது. ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் போய், உள்ளே துருப்பொடி. இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டோம். ஷாக் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை.

லிங்க் ராடு தட்டினால் நாலு நாள் பொறுத்துக்கூட மாற்றலாம். லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு சேர்க்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் அப்படியல்ல. அது கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். அதைப் பார்க்க, வண்டியைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்து, சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் பிடித்து அசைக்க வேண்டும். இன்னொருவர் ஜாயிண்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

மறுநாள் காலை அவரிடமிருந்து போன். “அண்ணே, இப்ப பின்னாடி ஒரு சத்தம்.” வரச்சொல்லி டிக்கியைத் திறந்தேன். ஜாக்கியின் கைப்பிடி கட்டு அவிழ்ந்து உருண்டுகொண்டிருந்தது.