காட்டுக்குள் தொலையும் நிமிடங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓரியண்டீரிங் என்பது காட்டுக்குள் வரைபடமும் திசைகாட்டியுமாக, குறித்த இடங்களில் தொங்கும் துணிக்கொடிகளை வரிசைப்படி தேடி ஓடும் பந்தயம். வரைபடம் புறப்படும் நேரத்தில்தான் கைக்கு வரும். வழியை ஓடுபவரே முடிவு செய்ய வேண்டும்.

பிரான்ஸின் தியரி ஜார்ஜியூ உலகப் போட்டியின் நடுத்தரத் தூரப் பிரிவில் 2003 முதல் 2005 வரை தொடர்ந்து மூன்று தங்கம் வென்றார். 2007 முதல் 2009 வரை மறுபடி மூன்று. இடையில் 2006இல் மட்டும் தங்கம் நார்வே வீரருக்குப் போனது. ஜார்ஜியூவுக்கே இப்படி என்றால், மற்றவர்கள் ஒரு வாரம் முதலிடமும் அடுத்த வாரம் இருபதாவது இடமும் வருவதில் வியப்பில்லை.

கால் வேகம் ஒரு வாரத்தில் அவ்வளவு குறையாது. நேரம் போவது பெரும்பாலும் ஓரிரு தவறுகளில். பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு பள்ளங்கள் இருக்கும். வீரர் தவறானதில் இறங்கிவிடுவார். அதோ பாறை, இதோ சதுப்பு என்று கண்ணில் படுவதையெல்லாம் வரைபடத்தோடு பொருத்தியும் பார்த்துவிடுவார். கொடி இல்லை என்று உணர்ந்து, நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து மீள்வதற்குள் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் போய்விடும். வென்றவரே அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் பந்தயத்தில் அது பல இடங்களைப் பறித்துவிடும்.

மூச்சு வாங்கும்போது, வரைபடத்தில் மேடுபள்ளத்தைக் காட்டும் மெல்லிய சமஉயரக் கோடுகளைப் படிப்பது கடினம். பாதை அமைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நீண்ட ஏற்றம் முடிந்ததும் சிக்கலான கொடியை வைப்பார்கள்!

அப்புறம், புறப்படும் வரிசை. இரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்புவதால், பின்னால் வருபவருக்குப் புல்லில் மிதிபட்ட தடம் கிடைக்கும்.

நிலமும் பெரிய காரணம். பாசியும் பாறையுமான வட ஐரோப்பிய நார்டிக் காடு வேறு, செங்குத்தான சுவிஸ் சரிவு வேறு. பழகாத நிலத்தில் தடுமாறுபவர்கள்தான் அதிகம். அதனால்தான் சுவிட்சர்லாந்தின் வீராங்கனை சிமோன் நிக்லியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். 2003இல் சொந்த நாட்டில் நடந்த உலகப் போட்டியில் நான்கு தங்கம், 2005இல் ஜப்பானின் ஐச்சியில் மறுபடி நான்கு.

அணி தேர்ந்தெடுப்பவர்கள் இறுதி இடத்தை மட்டும் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒவ்வொரு கொடிக்கும் இடையே ஆன நேரம் மின்னணுக் கருவியில் பதிவாகிறது. இருபதாவதாக வந்தவர் ஒரே ஒரு கொடியில் இரண்டு நிமிடம் இழந்து, மற்ற எல்லாவற்றிலும் முன்னணி வேகத்தில் ஓடியிருந்தால், அவரைப் பயிற்றுவிக்க வேண்டிய முறையே வேறு.

நன்றி, வணக்கம்.