கல்லில் ஒரு தோட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

கேடிஸ் பூச்சி என்றால், மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு செய்து, அதையும் இழுத்துக்கொண்டு நீருக்கடியில் ஊரும் புழுவைத்தான் பலரும் சொல்வார்கள். அதற்குக் கிடைக்கும் புகழில் கால்பங்குகூடக் கிடைக்காத ஒரு பங்காளியைப் பற்றி இன்று பேசுகிறேன். பெயர் டினோடீஸ். 1834இல் ஆங்கிலேயர் ஜான் கர்ட்டிஸ் வகுத்த பேரினம் இது. வளர்ந்த பூச்சி, இறக்கையில் மயிர் அடர்ந்த, அந்துப்பூச்சி போன்ற சிறு உருவம். அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விஷயமெல்லாம் புழுவிடம்.

டினோடீஸ் வேனெரி என்ற இனம் ஐரோப்பிய ஏரிகளின் கரையோரக் கற்களில் ஏராளம். அதன் புழு வாயருகே சுரக்கும் பட்டு நூலால் கல்லின்மேல் ஒரு குழாய் கட்டுகிறது. பட்டில் மணலும் சேறும் ஒட்டிக்கொள்ள, கல்லில் வளைந்து வளைந்து ஓடும் கோடாக அது தெரியும். ஈரத்திலேயே ஒட்டும் பட்டு அது. நம் பசைகள் பலவற்றுக்கு வராத வித்தை.

புழுவின் உணவு கல்லில் படரும் பாசி. வெளியே வந்து மேய்ந்தால் மீனுக்கு இரையாகலாம். அதனால் மேய்ச்சல் நிலத்தை நோக்கிக் குழாயையே நீட்டிக்கொண்டு போகிறது. சரி, இவ்வளவு பட்டை நூற்றுச் செலவழித்தால் கட்டுப்படியாகுமா? பட்டு என்பது புரதம்; அது சும்மா வருவதில்லையே!

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் நிக்கோலா இங்ஸ், ஆலன் ஹில்ட்ரூ, ஜொனாதன் கிரே மூவரும் இதை ஆராய்ந்து 2010இல் எழுதினார்கள். புழு வெளியேற்றும் நைட்ரஜன் கழிவு குழாய்ச் சுவருக்கு உரமாகிறது. அங்கே டயாட்டம் என்னும் நுண்பாசி செழிக்கிறது. புழு தன் பழைய சுவரையே தின்கிறது. போட்ட பட்டில் ஒரு பகுதியும் அதோடு வயிற்றுக்குத் திரும்பும். நைட்ரஜன், கார்பன் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்களை, அளந்துதான் இதைப் பிடித்தார்கள்.

இதைத் தோட்டம் என்றே அவர்கள் அழைத்தார்கள். விதைப்பும் களையெடுப்பும் கிடையாது; உரமும் அறுவடையும் உண்டு. எனக்கு அது போதும்.

எல்லா ஏரியிலும் இந்தத் தோட்டம் ஒரே அளவு சோறு போடுவதில்லை. சத்து மிகுந்த ஏரியில் சுற்றியுள்ள கல்லிலேயே பாசி தாராளம். சத்துக் குறைந்த ஏரியில்தான் புழு தன் குழாய்ச் சுவரை அதிகம் நம்பி வளர்கிறது.

நன்றி, வணக்கம்.