குண்டைப் பார்த்ததும் துப்பாக்கியைச் சொல்லிவிட முடியுமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிற ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருக்கிறார். "ஐயா, படங்களில் குண்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்ததுமே எந்தத் துப்பாக்கி என்று சொல்லிவிடுகிறார்களே, நிஜத்தில் அது முடியுமா? அப்புறம், தடய அறிவியல் ஆய்வகத்தில் துப்பாக்கிகளைச் சோதிக்கும் பாலிஸ்டிக்ஸ் பிரிவில் வேலைக்குச் சேர நன்றாகச் சுடத் தெரிந்திருக்க வேண்டுமா?" என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்கு வருகிறேன். வெறும் குண்டை வைத்துக்கொண்டு பாதிதான் சொல்ல முடியும். கைத்துப்பாக்கியின் குழலுக்குள் திருகு போலச் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளங்கள் இருக்கும். ரைஃப்ளிங் என்போம். குண்டைச் சுழலவைத்து நேராக அனுப்புவதற்காக வெட்டியது அது. அந்தப் பள்ளங்களின் தடம் குண்டின் மேல் பதியும். கோல்ட் (Colt) கம்பெனி ரிவால்வர் என்றால் வழக்கமாக 6 பள்ளம், இடப்பக்கத் திருகு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்றால் 5, வலப்பக்கம். இது ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே மூக்கு இருப்பதைப் போல. எந்த வீடு என்று தெரியும், எந்தப் பிள்ளை என்று தெரியாது.

அதற்குச் சந்தேகத் துப்பாக்கி கைக்கு வரவேண்டும். குழலை வெட்டிய கருவி விட்ட கீறல், துரு, தேய்மானம் எல்லாம் சேர்ந்து துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும் நுண்வரிகளைக் குண்டில் பதிக்கும். நாங்கள் அந்தத் துப்பாக்கியால் தண்ணீர்த் தொட்டிக்குள் சுட்டு, நசுங்காத குண்டை எடுப்போம். அதை ஒரு பக்கமும், உடலில் எடுத்த குண்டை மறுபக்கமும் ஒப்பீட்டு மைக்ரோஸ்கோப்பில் பொருத்துவோம். இரண்டு மேடை, பார்க்கும் வில்லை ஒன்றுதான், நடுவில் ஒரு கோடு. ஒன்றை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டே போனால், ஏதோ ஓர் இடத்தில் இந்தப் பக்கத்து வரி கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் தொடரும். தொடராமலும் போகும். எலும்பில் பட்டு உருக்குலைந்த ஈயக் குண்டில் தொடர்வதற்கு வரியே இருக்காது. க்ளாக் மாதிரிப் பலகோண வடிவக் குழல் உள்ள துப்பாக்கி என்றால் பல நேரம் வரி போதாது. அதனால் சம்பவ இடத்தில் கிடக்கும் காலித் தோட்டா எங்களுக்குத் தங்கம். தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் அடிபின் குத்திய குழியும், தோட்டா பின்னால் மோதும் பின்சுவரின் தழும்பும் அதில் அப்படியே இருக்கும்.

இந்த முறை பேர் வாங்கியது சிகாகோவில். 1929-இல் காதலர் தினத்தன்று ஒரு கராஜில் 7 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்களில் சிலர் போலீஸ் உடையில் இருந்ததால் பழி போலீஸ் மேல் விழுந்தது. துப்பாக்கி ஆய்வு நிபுணர் கால்வின் கோடார்ட் போலீஸாரின் தாம்சன் இயந்திரத் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்து, இவை இல்லை என்றார். அந்த வருடக் கடைசியில் ஃப்ரெட் பர்க் என்ற ரவுடியின் வீட்டில் சிக்கிய இரண்டு தாம்சன்கள் பொருந்தின.

இதெல்லாம் கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் தம்பி நம் ஊரில் வேலைக்கு வந்தால் மேஜைக்கு அடிக்கடி வரப்போவது நாட்டுத் துப்பாக்கி. முன்வாய் வழியாகக் கரிமருந்தும் பால்ரஸ் குண்டும் போட்டு இடிப்பது. குழல் வெறும் இரும்புப் பைப். வரிப்பள்ளமும் கிடையாது, காலித் தோட்டாவும் கிடையாது. எதை எதோடு ஒப்பிடுவது? அங்கே கேள்வியே மாறிவிடும். 1959 ஆயுதச் சட்டப்படி இது துப்பாக்கிதானா, சுடும் நிலையில் இருக்கிறதா, சட்டையில் கரி படிந்திருக்கிறதே, எவ்வளவு தூரத்தில் சுட்டிருப்பார்கள், இப்படி. "எப்போது சுடப்பட்டது?" என்றும் கேட்டு எழுதுவார்கள். குழலில் மருந்துக் கசடு இருந்தால் கடைசியாகத் துடைத்த பிறகு சுட்டிருக்கிறார்கள் என்று சொல்லலாம். தேதி சொல்ல முடியாது.

ஒரு விஷயம் இங்கே சொல்லியாக வேண்டும். முன்வாய்த் துப்பாக்கி வந்தால் முதல் வேலை, உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. வாய்க்கு நேரே முகத்தைக் காட்டாமல் ஒரு குச்சியை அது நிற்கும்வரை உள்ளே விட்டு, வாய் மட்டத்தில் அடையாளம் போட்டு, வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். அடிவரை எட்டாமல் குறைந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது. பார்சலில் 'காலி' என்று எழுதியிருப்பதை நம்பவே கூடாது.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். இதிலிருந்து சுடப்பட்டது, சுடப்படவில்லை, முடிவு கூற இயலவில்லை என்று மூன்று பதில் உண்டு. மூன்றாவதை எழுதினால் விசாரணை அதிகாரிக்கு முகம் சுருங்கும். என்னைக் கேட்டால் ஒரு நிபுணரை எடைபோட அந்த மூன்றாவது பதிலைத்தான் பார்ப்பேன். ஜெசிகா லால் என்ற மாடல் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1999, டெல்லி. இரண்டு .22 காலித் தோட்டாக்கள் கிடைத்தன, துப்பாக்கி கிடைக்கவே இல்லை. அந்தத் துப்பாக்கி இல்லாமல் திட்டவட்டமாகச் சொல்ல முடியாது என்று நிபுணர் ரிப்போர்ட்டில் எழுதினார். பிறகு நீதிமன்றத்தில் கேட்டபோது, இரண்டும் வெவ்வேறு துப்பாக்கியில் சுட்டவை போலத் தெரிகின்றன என்றார். 2006 பிப்ரவரியில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானதற்கு, ஒருவரே ஒரே துப்பாக்கியால் சுட்டார் என்ற போலீஸ் தரப்போடு ஒட்டாத அந்த இரண்டு துப்பாக்கி வாதமும் ஒரு காரணம். அதே டிசம்பரில் உயர் நீதிமன்றம் முக்கியக் குற்றவாளியைத் தண்டித்தது, 2010-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த நிபுணர் மேல் பொய்ச்சாட்சி நடவடிக்கையே வந்து, 2016-இல்தான் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கருத்து சொல்வது வேறு, பொய் சொல்வது வேறு. சட்டம் நம்மிடம் கேட்பது கருத்தைத்தான். முன்பு சாட்சியச் சட்டம் 45-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 39.

அமெரிக்காவிலும் இப்போது இதே பேச்சுதான். உலகத்தில் வேறெந்தத் துப்பாக்கியாகவும் இருக்க முடியாது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆய்வு இருக்கிறதா என்று 2009-இலும் 2016-இலும் அறிஞர் குழுக்கள் கேட்டன. 2023-இல் மேரிலாந்து உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், குண்டு இந்தத் துப்பாக்கியிலிருந்தே வந்தது என்று சாட்சி சொல்ல விட்டது தவறு என்றது. எங்கள் தலைமுறைக்குக் கசப்பாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி அது.

இரண்டாவது கேள்வி சுலபம். குறி பார்த்துச் சுடத் தெரிய வேண்டியதில்லை. தொட்டி எங்கேயும் ஓடிப்போகாது. துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளத் தெரிய வேண்டும், அதை உள்ளே வந்த பிறகு கற்றுக்கொடுப்பார்கள். எப்போது வெடித்துச் சிதறும் என்று தெரியாத நாட்டுத் துப்பாக்கியைக் கையில் பிடித்தே சுடக் கூடாது. ஸ்டாண்டில் கட்டிவிட்டு, தள்ளி நின்று கயிற்றால் விசையை இழுக்க வேண்டும். காதுக்கவசத்தை மறக்காதீர்கள். ஈயத் தூசி இருக்கும், சுட்டுவிட்டுக் கை கழுவாமல் டீ குடிக்கப் போகாதீர்கள். டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கை வரும்போது எந்தப் பிரிவுக்கு எந்தப் பட்டம் கேட்கிறார்கள் என்பதை மட்டும் வரி விடாமல் படித்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள் தம்பி.