செவ்வாய்க்கிழமை காலையில் பூட்டியிருக்கும் கதவு: அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களின் அவசரகால ஆயத்தம்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம். அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோர் இத்தனை பேர் ஒரு விடுமுறை நாள் மாலையை இதற்கென ஒதுக்கி வந்திருக்கிறீர்கள். மழலையர் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத என் மகள், துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் நுழைந்தால் விளக்கை அணைத்துவிட்டு வகுப்பின் மூலையில் மூச்சுச் சத்தம் கேட்காமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று, புதிதாக ஒரு பாட்டுக் கற்றுக்கொண்டவளைப் போல வீட்டில் எங்களுக்குச் செய்து காட்டினாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதன் பிறகுதான் பள்ளி வாரியக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினேன். விசாரணைக் குழுக்களின் அறிக்கைகளையும் தேடிப் படித்தேன். படித்ததில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: ஒரு பள்ளி மாவட்டம் ஆபத்துக்கு ஆயத்தமாக இருக்கிறதா என்பதை அதன் திட்டக் கோப்பின் பருமனைக் கொண்டு அறிய முடியாது; ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், யாரும் சோதனைக்கு வராத நேரத்தில், அந்தப் பள்ளியின் கதவுகள் எப்படி இருக்கின்றன என்பதைக் கொண்டே அறிய முடியும்.

அமெரிக்காவில் பள்ளிகளை மைய அரசு நடத்துவதில்லை. சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் தத்தம் வாரியங்களின் கீழ் இயங்குகின்றன. எத்தனை ஒத்திகை, எத்தகைய எச்சரிக்கைப் பொத்தான் என்பதை மாநிலச் சட்டம் வகுக்கலாம். மைய அரசு 2013இல் வெளியிட்டதைப் போன்ற வழிகாட்டி நூல்களைத் தரலாம். பூட்டுக்குப் பணம் ஒதுக்குவதும், பழுதான தாழ்ப்பாளைச் சரிசெய்வதும், பதிலி ஆசிரியர் கையில் சாவி இருக்கிறதா என்று பார்ப்பதும் மாவட்டத்தின் வேலை. அதனால்தான் அடுத்தடுத்த இரண்டு ஊர்களின் பள்ளிகளுக்கிடையே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாட்டைக் காண்கிறோம்.

பள்ளிகள் முதன்முதலில் கற்றுக்கொண்ட பேராபத்து நெருப்பு. சிகாகோவில் ‘அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்’ என்ற பள்ளியில் 1958 டிசம்பர் 1 அன்று பற்றிய தீயில் 92 பிள்ளைகளும் 3 கன்னியாஸ்திரிகளும் மாண்டார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிஞ்சுகளைப் பறிகொடுத்த நமக்கு அந்த எண்களை வெறும் எண்களாக வாசிக்க இயலாது. சிகாகோவின் சாவுகளுக்குப் பிறகு அமெரிக்காவில் தீ விதிகள் இறுகின. தீ ஒத்திகை பள்ளி நாட்காட்டியில் ஆழமாக வேரூன்றியது. மணி அடித்தால் வெளியே போ என்பது பிள்ளைகளுக்கு யோசிக்காமல் செய்யும் பழக்கமாயிற்று. இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் துப்பாக்கியோடு நுழைந்தபோது, காவல்துறை அன்றைய முறைப்படி கட்டடத்தைச் சூழ்ந்து நின்று, சிறப்புப் படை வரும்வரை காத்திருந்தது. சுடப்பட்ட ஓர் ஆசிரியர் உள்ளே ஏறக்குறைய மூன்று மணி நேரம் இரத்தம் இழந்து இறந்தார். முதலில் வந்து சேரும் காவலர் எவரோ அவரே உடனே உள்ளே செல்ல வேண்டும் என்ற விதி அந்த நாளுக்குப் பிறகு பிறந்தது. அந்த விதி எல்லாருக்கும் தெரிந்த பிறகும், 23 ஆண்டுகள் கழித்து, 2022 மே 24 அன்று டெக்சாஸின் யுவால்டி நகரத்து ராப் தொடக்கப் பள்ளிக்கு 376 சட்ட அமலாக்க அலுவலர்கள் வந்தார்கள். 77 நிமிடங்கள் கழிந்த பின்னரே கொலைகாரன் இருந்த வகுப்பறைக்குள் புகுந்தார்கள். உள்ளிருந்த குழந்தைகள் அந்த நேரத்தில் 911 என்ற அவசர உதவி எண்ணை அழைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தனர்.

யுவால்டியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அந்த 77 நிமிடங்களைப் பற்றியே பேசுகிறார்கள், அது நியாயமானதே. ஆயினும் ஒரு பெற்றோராக என்னை இன்றும் வாட்டுவது அதற்கு முந்தைய மாதங்களின் கதை. அந்த மாவட்டத்திடம் எழுதப்பட்ட திட்டம் இருந்தது. அதற்கெனச் சொந்தக் காவல்துறையே இருந்தது. சம்பவத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், மார்ச்சில், இதே சூழலுக்கான பயிற்சியையும் நடத்தியிருந்தார்கள். ஆனால், டெக்சாஸ் சட்டமன்றக் குழுவின் அறிக்கை சொல்வதுபோல, சாவிகள் போதாமையால் கதவுகளைக் கல் வைத்தும் காந்தம் வைத்தும் பூட்டாமல் விடுவது அந்தப் பள்ளியில் வழக்கமாகியிருந்தது. கொலைகாரன் பின்னர் இருந்த 111ஆம் அறையின் கதவு சரியாகப் பூட்டிக்கொள்ளாது என்பது பலருக்கும் தெரிந்தும், அதைப் பழுதுபார்க்கச் சொல்லி ஒரு வேலைக் கோரிக்கைகூடப் பதிவாகவில்லை. கட்டடத்தின் மேற்குக் கதவை ஓர் ஆசிரியை இழுத்துச் சாத்தினார், அது பூட்டிக்கொள்ளவில்லை. அதன் வழியாகத்தான் கொலைகாரன் நுழைந்தான்.

இன்னொன்றும் நடந்தது. எல்லையோர ஊரான யுவால்டியில் காவலர்கள் வண்டிகளைத் துரத்தும்போதெல்லாம் பள்ளிகளுக்கு எச்சரிக்கை வரும். 2022இல் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் மட்டும் ஐம்பதை ஒட்டிய முறை அப்படி வந்ததாக அறிக்கை சொல்கிறது. புலி வருகிறது என்று கூவிய சிறுவனின் கதை நமக்குத் தெரியும்; இங்கே யாரும் பொய் சொல்லவில்லை, உண்மையான எச்சரிக்கைகளே பெருகிப் பெருகிக் காதை மழுங்கடித்துவிட்டன. கைப்பேசிச் செயலி வழியே அன்று அனுப்பிய எச்சரிக்கை, கம்பியில்லா இணையம் பலவீனமாக இருந்த அந்தக் கட்டடத்தில் எல்லா ஆசிரியரையும் எட்டவில்லை. ஒலிபெருக்கியில் அறிவிப்பும் செய்யப்படவில்லை.

கதவைப் பற்றி நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளியில் 2012 டிசம்பர் 14 அன்று 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட ஆலோசனை ஆணையம், பூட்டிய வகுப்பறைக் கதவை உடைத்துக்கொண்டு இத்தகைய கொலைகாரன் உள்ளே நுழைந்த நிகழ்வு அதுவரை ஒன்றுகூட இல்லை என்று தன் அறிக்கையில் எழுதியது. சாண்டி ஹுக்கில் முன்வாயில் பூட்டியே இருந்தது. அவன் பக்கத்துக் கண்ணாடியைச் சுட்டு உடைத்து நுழைந்தான். வகுப்பறைகளையோ வெளியே வந்து சாவி போட்டுத்தான் பூட்ட முடியும். துப்பாக்கிச் சத்தம் கேட்கும் தாழ்வாரத்துக்கு வந்து சாவியைத் திருப்பும்படி ஓர் ஆசிரியையிடம் கேட்ட பூட்டு அது. இன்று நல்ல மாவட்டங்கள் உள்ளிருந்தே பூட்டும் பூட்டுகளையும் தானே பூட்டிக்கொள்ளும் கதவுகளையும் பொருத்துகின்றன. கதவுக்குக் குறுக்கே இரும்புத் தண்டு மாட்டும் கருவிகளைச் சில நிறுவனங்கள் விற்கின்றன. தீயணைப்புத் துறையினர் அவற்றை எதிர்ப்பது சரியென்றே நான் கருதுகிறேன்; நெருப்பு வந்தால் ஒரு குழந்தையும் ஒரே அசைவில் திறந்துகொண்டு வெளியேறக்கூடிய கதவுதான் நமக்கு வேண்டும். சிகாகோவின் பாடத்தை மறந்துவிட்டு யுவால்டியின் பாடத்தைப் படிக்க முடியாது.

அந்த இரண்டு பாடங்களும் ஒன்றோடொன்று மோதிய இடம் ஃப்ளோரிடாவின் பார்க்லண்ட். 2018 பிப்ரவரி 14 அன்று மார்ஜரி ஸ்டோன்மேன் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளியில் சுட்டதில் எழுந்த புகையும் தூசியும் தீ எச்சரிக்கை மணியை அடிக்க வைத்தன. மூன்றாம் மாடி மாணவர்கள், சிறு வயது முதல் பழகியபடியே, தாழ்வாரத்துக்கு வெளியே வந்தார்கள். உள்ளேயே இருங்கள் என்று சொல்லும் அறிவிப்பு உரிய நேரத்தில் வரவில்லை. கொலைகாரன் எந்த வகுப்பறைக்குள்ளும் காலெடுத்து வைக்கவில்லை. கதவுகளின் கண்ணாடி வழியே கண்ணில் பட்டவர்களைச் சுட்டான். கண்ணாடியிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையைக் குறித்து வைத்து, அங்கே தட்டுமுட்டுச் சாமான்களைக் குவிக்காமல் காலியாக வைத்திருங்கள் என்ற ஆலோசனை அந்தப் பள்ளிக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. பெரும்பாலான அறைகளில் அது நடக்கவில்லை. 17 உயிர்கள் போயின. அதனால்தான் அறிவிப்பு செய்யும் அதிகாரம் தலைமையாசிரியர் ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது, ஆபத்தை முதலில் காணும் எவரும், சமையற்கூடப் பணியாளரானாலும், லாக்டவுன், அதாவது கதவைப் பூட்டிப் பதுங்கும்படி, அறிவிக்கலாம் என்ற விதியை மாவட்டங்கள் இப்போது எழுதுகின்றன. 2024 செப்டம்பர் 4 அன்று ஜார்ஜியாவின் அப்பாலாச்சி உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர்கள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையிலேயே அபாயப் பொத்தான் இருந்தது. அது வந்து சில நாட்களே ஆகியிருந்தன. வெளியே போயிருந்த மாணவன் திரும்பி வந்து தட்டியபோது கதவு பூட்டியிருந்தது. திறக்கப்போன மாணவி அவன் கையில் துப்பாக்கியைக் கண்டு திறக்காமல் விலகினாள். அங்கும் 4 பேர் இறந்தார்கள். அந்த ஒரு வகுப்பறைக்குள் அவன் நுழையவில்லை.

அறிவிப்பின் சொற்களையும் கவனியுங்கள். கொலராடோவில் 2006இல் நடந்த ஒரு பள்ளிக் கொலைக்குப் பிறகு, மகளை இழந்த பெற்றோர் தொடங்கிய அறக்கட்டளை வகுத்த முறையைப் பல்லாயிரம் பள்ளிகள் பின்பற்றுகின்றன. ஹோல்ட் என்றால் வகுப்பிலேயே இருப்பது. செக்யூர் என்றால் ஆபத்து வெளியில், ஆகவே வெளிக்கதவுகளைப் பூட்டிவிட்டுப் பாடத்தைத் தொடர்வது. லாக்டவுன் என்றால் ஆபத்து உள்ளே, கதவைப் பூட்டி, விளக்கணைத்து, கண்ணில் படாமல் இருப்பது. செக்யூர் என்ற சொல்லின் இடத்தில் முன்பு லாக்அவுட் என்று இருந்தது. பதற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலக் காதில் விழுந்ததால் மாற்றினார்கள். உங்கள் பிள்ளையிடம் இந்தச் சொற்களைக் கேட்டுப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளை தெளிவாகச் சொன்னால் பள்ளி ஒழுங்காகக் கற்பித்திருக்கிறது.

ஒத்திகை வேண்டும், பயமுறுத்தல் வேண்டியதில்லை. இந்தியானாவில் 2019இல் ஒரு பயிற்சியின்போது ஆசிரியர்களை மண்டியிடச் செய்து பிளாஸ்டிக் குண்டுகளால் முதுகில் சுட்டார்கள்; காயமும் கண்ணீரும் தவிர அதனால் யாருக்கு என்ன பயன்? குழந்தைநல மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் 2020இல், நிஜம்போல் நடித்துக் காட்டும் ஒத்திகைகளால் பிள்ளைகளுக்கு ஏற்படக்கூடிய கேட்டை எடுத்துச் சொன்னது. நிதானமாக, முன்கூட்டியே தெரிவித்து, கதவு பூட்டவும் அமைதியாக உட்காரவும் பழக்கினால் போதும்.

கதவுக்கு முன்னாலேயே நிறுத்தக்கூடிய இடம் ஒன்று உண்டு. அமெரிக்க ரகசியக் காவல் சேவையும் கல்வித்துறையும் 2002இல் வெளியிட்ட ஆய்வு 37 தாக்குதல்களை ஆராய்ந்தது. பெரும்பாலானவற்றில் தாக்கியவனின் எண்ணம் வேறொருவருக்கு, பெரும்பாலும் சக மாணவருக்கு, முன்பே தெரிந்திருந்தது. துப்பாக்கியோ ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு அவர்கள் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ கிடைத்தது. அதே சேவை 2021இல், தடுக்கப்பட்ட 67 சதித்திட்டங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் பல ஒரு மாணவர் வாய் திறந்ததால் வெளிவந்தவை என்று கண்டது. ஆகவே ஆசிரியர், ஆலோசகர், காவலர் ஆகியோர் சேர்ந்த மதிப்பீட்டுக் குழுவும், பெயர் சொல்லாமல் தகவல் தரும் எண்ணும் மாவட்டங்களில் அமைந்தன. குழு இருந்தால் மட்டும் போதாது. மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 2021 நவம்பர் 30 காலையில், ஒரு மாணவன் கணிதத் தாளில் துப்பாக்கி வரைந்து, எண்ணங்கள் நிற்கவில்லை, உதவுங்கள் என்று எழுதியதை ஆசிரியை கண்டார். பெற்றோரை வரவழைத்துப் பேசினார்கள். அவர்கள் மகனை வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை; அவனுடைய பையை எவரும் திறந்து பார்க்கவில்லை; அவன் வகுப்புக்குத் திரும்பினான். அன்று பிற்பகலில் 4 மாணவர்களைக் கொன்றான். அவனுடைய பெற்றோர் இருவரும் 2024இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். உங்கள் பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். நிலக்கடலை ஒவ்வாமையைப் பற்றிச் சொல்லத் தயங்குவதில்லையே.

கடைசியாக, நம்மவர்களுக்கே உரிய ஒரு செய்தி. ஆபத்து நேர்ந்தால் பள்ளிக்கு ஓடாதீர்கள். உங்கள் வண்டி மருத்துவ ஊர்தியின் வழியை அடைக்கும். மாவட்டம் வேறோர் இடத்தை, ஒரு தேவாலயத்தையோ பக்கத்துப் பள்ளியையோ, அறிவித்து, அங்கே அடையாள அட்டையைப் பார்த்து, பட்டியலில் பெயர் உள்ளவரிடம் மட்டுமே பிள்ளையை ஒப்படைக்கும். நம் பிள்ளைக்குக் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர். அம்மாவின் ஓட்டுநர் உரிமத்தில் கடைசிப் பெயராக இருப்பது அவருடைய அப்பாவின் பெயர். ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் தாத்தாவின் கடவுச்சீட்டிலோ தலைப்பெழுத்து ஓரிடம், பெயர் ஓரிடம். அழுதுகொண்டிருக்கும் ஒரு கூட்டத்தின் நடுவே, இவர் அவனுக்கு யார் என்று அந்த மேசையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே திங்கட்கிழமை பள்ளி அலுவலகத்துக்குப் போய், அவசரத் தொடர்பு அட்டையை வாங்கி, பிள்ளையை அழைத்துவரக்கூடிய ஒவ்வொருவரின் பெயரையும் அவரவர் அட்டையில் உள்ள எழுத்து மாறாமல் எழுதிக் கொடுங்கள். அப்படியே, வகுப்பறைக் கதவுகள் உள்ளிருந்து பூட்டுமா, பதிலி ஆசிரியருக்குச் சாவி தருகிறீர்களா என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.