படம் மங்கினால் முதலில் எங்கே பார்ப்பது?

வணக்கம் நேயர்களே.

ரீவியில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது முகங்கள் திடீரென்று கட்டங்கட்டமாக உடையும். அரை நிமிடத்தில் மறுபடி தெளியும். உடனே வீட்டில் யாராவது, "பக்கேஜ் காணாது, பெரிசாப் போடவேணும்" என்பார்கள். பக்கேஜைக் கூட்டினால் மாதாமாதம் காசு கூடும் என்பது நிச்சயம். படம் தெளியுமா என்பது வேறு விசயம்.

இணையப் படம் முழுதாக ஒரே தடவையில் வருவதில்லை. சில விநாடித் துண்டுகளாக வருகிறது. ஒவ்வொரு துண்டும் மங்கலானது, நடுத்தரம், தெளிவானது என்று பல தரங்களில் முன்கூட்டியே தயாராக இருக்கும். கடைசித் துண்டு வந்த வேகத்தைப் பார்த்து, அடுத்ததை எந்தத் தரத்தில் எடுப்பது என்று செயலி தீர்மானிக்கிறது. ஆகவே படம் மங்குவது பழுதல்ல. நின்றுபோகாமல் இருப்பதற்காகச் செயலி தரத்தை இறக்குகிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு வேகம் தேவை? நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கு இது: 720 தரத்துக்கு விநாடிக்கு 3 மெகாபிட், அதைவிடத் தெளிவான 1080க்கு 5, மிகத் தெளிவான 4கேக்கு 15. இது ஒரு திரைக்கு மட்டும். பக்கத்து அறையில் பிள்ளை போனில் இன்னொரு படம் பார்த்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். வேகத்தைப் பிட்டிலும் டேட்டாவைப் பைட்டிலும் (எட்டுப் பிட் ஒரு பைட்) சொல்வதால், வேகத்தை எட்டால் பிரித்தால்தான் டேட்டாக் கணக்கு வரும். 5 மெகாபிட்டில் ஒரு மணித்தியாலம் ஓடினால் 2.25 ஜிபி போகும். 15 மெகாபிட்டில் 6.75 ஜிபி. 32 அங்குல ரீவியை எட்டு ஒன்பது அடி தள்ளியிருந்து பார்ப்பவருக்கு 1080க்கும் 4கேக்கும் வித்தியாசம் தெரியாது. சிம் போட்ட ரவுட்டர் உள்ள வீட்டில் 4கே பார்ப்பது, என் கணிப்பில், வீண் செலவு.

இனி, வேகம் எங்கே குறைகிறது என்று பிடிப்போம். இரணைமடுக் குளம் வான் பாய்ந்தாலும் கடைசி வயலுக்கு வாய்க்காலின் அகலத்துக்குத்தான் தண்ணீர் போகும். இங்கே அந்த வாய்க்காலுக்கு இரண்டு பகுதி: டவரிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று, ரவுட்டரிலிருந்து ரீவி வரை ஒன்று. ரவுட்டருக்குப் பக்கத்தில், அதன் வைஃபையில் இணைந்த போனை வைத்து ஃபாஸ்ட் டொட் கொம் என்ற தளத்தைத் திறவுங்கள். அது நெட்ஃபிளிக்ஸின் சேர்வர்களிலிருந்தே வேகத்தை அளப்பதால் படத்துக்குப் பொருத்தமானது. பிறகு அதே போனை ரீவியடிக்குக் கொண்டுபோய் மறுபடி அளந்து பாருங்கள். ஒவ்வொரு தடவை அளக்கும்போதும் கொஞ்சம் டேட்டா போகும், விளையாட்டாகத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

ரவுட்டரடியில் 15, ரீவியடியில் 3 என்றால் குறை வீட்டுக்குள்தான். சீமெந்துக் கல் சுவர் இரண்டைக் கடந்தாலே 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை களைத்துவிடும்; 2.4 கொஞ்சம் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு. நல்ல தீர்வு நெற்வேர்க் வயர். கட் 5ஈ என்ற வகை வயரை 100 மீற்றர் வரை இழுக்கலாம், வீட்டுக்கு அது தாராளம்.

இரண்டு இடத்திலும் 3தான் என்றால் பிரச்சினை வெளியே. வன்னியில் பெரும்பாலும் இதுதான், ஏனென்றால் டவர்கள் தூரம். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியைப் பிரவுசரில் போட்டு உள்ளே போனால், ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது சிக்னலின் பலம். மைனஸ் 80, 90 நல்லது. மைனஸ் 110 என்றால் மோசம். இரண்டாவது சிக்னலின் சுத்தம். 20க்கு மேல் அருமை, சைபருக்குக் கீழே போனால் படம் பார்ப்பதை மறக்கலாம். போனில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள், அவை இந்தச் சுத்தத்தைக் காட்டுவதில்லை.

இப்போது ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றுங்கள். ஒவ்வொரு யன்னலிலும் இரண்டு நிமிடம் வைத்து, இரண்டு எண்களையும் தாளில் குறியுங்கள். ஓட்டுக் கூரையைக் கடந்து சிக்னல் வரும், தகரத்தைக் கடந்து வராது. தகரத்துக்குக் கீழே உச்சியில் வைத்தால் வெக்கையில் ரவுட்டரும் தளரும். யன்னலுக்கு நேரே அடர்ந்த மாமரம் நின்றால், மழையில் நனைந்த இலைகள் சிக்னலை இன்னும் குடிக்கும். மாரியில் மட்டும் படம் மங்கும் வீடுகளில் முதலில் மரத்தைப் பாருங்கள்.

எந்த யன்னலிலும் பலம் மைனஸ் 105ஐ விட நன்றாக வரவில்லை என்றால் வெளி அன்ரனா பலன் தரும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய ரீவி அன்ரனாவும் அதன் வயரும் இதற்கு உதவாது. அந்த வயர் 75 ஓம் வகை, இதற்கு வேண்டியது 50 ஓம் வகை. மெல்லிய ஆர்ஜி 58 வயரில் பத்து மீற்றர் இழுத்தால், அன்ரனா சேர்த்துத் தந்த பலத்தில் பெரும்பகுதி வயரிலேயே போய்விடும். தடித்த எல்எம்ஆர் 400 வயரில் இழப்பு அதில் கால்வாசி அளவுதான். வயரைக் கட்டையாக வையுங்கள், ரவுட்டரை அன்ரனாவுக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். ரவுட்டரில் அன்ரனாத் துளை இரண்டு இருந்தால் வயரும் இரண்டு வேண்டும்.

வாங்கப் போகுமுன் ஒன்று செய்யுங்கள். காலை ஆறு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் சிக்னல் எண்ணையும் வேகத்தையும் எழுதிப் பாருங்கள். பலம் மாறாமல், இரவில் மட்டும் வேகம் 20இலிருந்து 2க்கு விழுந்தால், டவரில் நெரிசல். அன்ரனாவோ பெரிய பக்கேஜோ அதைத் தீர்ப்பது அரிது. இரவு டேட்டா உள்ளவர்கள் நள்ளிரவுக்குப் பின் படத்தைத் தரவிறக்கி மறுநாள் பார்க்கலாம். நாள் முழுக்க ஒரே மந்தம் என்றால், மாத டேட்டா முடிந்து வேகத்தைக் குறைத்துவிட்டார்களா என்று பாருங்கள்.

வேகம் இருந்தும் மங்கலா? மலிவான அன்ட்ரொயிட் பெட்டிகள் பலவற்றில் வைட்வைன் எல்1 என்ற, படம் களவுபோகாமல் காக்கும் பூட்டுக்கான அனுமதி இல்லை. அவற்றில் நெட்ஃபிளிக்ஸ் எவ்வளவு வேகத்திலும் 480 அளவுக்கு மேல் ஏறாது. வாங்கும்போது கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள். இன்னொன்று, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை யாரோ போனில் நேரலையாக விடுகிறார். சனக்கூட்டத்தில் அவருடைய அப்லோட் திணறினால், உங்கள் திரையில் 1080 என்று எழுதியிருந்தாலும் கட்டங்கட்டமாகத்தான் வரும். அதற்கு உங்கள் வீட்டில் மருந்து இல்லை.

கூரையில் அன்ரனா பூட்டியவர்கள் அதன் கம்பத்துக்கு எர்த் அடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் கறுக்கும்போதே, இடிச்சத்தம் கேட்பதற்கு முன்னர், அன்ரனா வயரையும் கரண்ட் பிளக்கையும் ரவுட்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிவிட்டால் வயரில் கை வைக்க வேண்டாம்.