கதவில் எழுந்த கொப்புளங்கள்

நேயர்களுக்கு வணக்கமுங்க. கோயம்புத்தூர் கணபதியில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஸ்போர்ட்ஸ் கார்களின் பாடியில் வரும் பெயிண்ட் குறைகளைப் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்தில் அழைத்தபோது, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஒரு சிவப்புக் கதவுதான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இரண்டு பேர் மட்டும் உட்காரும் பைபர் பாடி கார் அது. பைபர் என்றால் தகரம் இல்லை, கண்ணாடி இழையை ரெசின் என்ற பிசினில் ஊறவைத்து இறுகச் செய்தது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் ஒருவர் பழசாக வாங்கி, ஆசையாகக் கொண்டுவந்தார். இடது கதவில் ஆழமான கீறல். பள்ளத்தை நிரப்பப் பட்டி பார்த்து, அடிப்பூச்சாக பிரைமர் அடித்து, சிவப்பு அடித்து, மேலே நிறமில்லாத கிளியர் கோட் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. சித்திரையில் போன கார் ஐப்பசி மழையில் திரும்பி வந்தது. கதவின் கீழ்ப்பாதி முழுக்க வேர்க்குரு மாதிரி சின்னச் சின்னக் கொப்புளங்கள். "ஏனுங்க, பெயிண்ட்டே சரியில்லீங்களா?" என்று கேட்டார். அப்படிச் சொல்லிவிட்டால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். ஒரு கொப்புளத்தை ஊசியால் குத்திப் பார்த்தேன். ஒரு துளி தண்ணீர் வந்தது.

குறை பெயிண்டில் இல்லை, என் தண்ணீரில் இருந்தது. நம் பக்கத்து போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். பக்கெட்டைச் சுற்றி வெள்ளைப் படலம், குழாய் வாயில் உப்புக் கட்டி. அந்தத் தண்ணீரை விட்டுத்தான் வாட்டர் பேப்பர் என்ற சொரசொரப்பான தாள் போட்டுத் தேய்ப்போம், அதிலேயே கழுவி வெயிலில் காயவைத்து பிரைமர் அடிப்போம். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். பெயிண்ட் படலம் பார்க்கத்தான் இறுக்கமாகத் தெரியும், ஈரத்தை அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும். உள்ளே உப்பு இருந்தால் அந்த ஈரத்தை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். ஊறுகாய்க்கு உப்புப் போட்டு வைத்த மாங்காயில் மறுநாள் தண்ணீர் நிற்கிறதே, அதே வேலைதான். கோடையில் கொப்புளம் அமுங்கிவிடும், மழை வந்தால் மறுபடி எழும்.

இன்னொரு தப்பும் செய்திருந்தேன். பட்டியையும் தண்ணீர் விட்டே தேய்த்திருந்தேன். பட்டியில் டால்க் மாவு கலந்திருக்கிறது, அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நம் பட்டறைகளில் இது பழைய பழக்கம். தூசி பறக்காது, கையும் ஓடும் என்று செய்கிறோம். பட்டியை உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும். 80 நம்பர் தாளில் ஆரம்பித்து 180, அப்புறம் 320; நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். தூசிக்குப் பயந்தால் முகத்துக்கு மாஸ்க் போடலாம், பட்டிக்குத் தண்ணீர் காட்டக் கூடாது.

அந்தக் கதவுக்கு பாலிஷால் பிரயோஜனமில்லை. கொப்புளம் பிரைமருக்கு அடியில் இருக்கிறது. பைபர் தெரியும்வரை தேய்த்து எடுத்தேன். கரைசல் தடவி பெயிண்ட்டை உரிக்கலாமே என்று கேட்பீர்கள். தகரத்துக்கு அது சரி. பைபரில் அந்தக் கரைசல் ரெசினையே தின்றுவிடும். தேய்த்த பிறகு சிறுவாணித் தண்ணீரில் கழுவினேன். குடிக்க வருகிற தண்ணீரைக் காருக்கு ஊற்றுகிறாயே என்று வீட்டில் கோபித்தார்கள். கடைசிக் கழுவலுக்கு ஒரு குடம் போதும். இன்று வரைக்கும் பட்டறையில் அதற்கென்று தனி டிரம் வைத்திருக்கிறேன். கழுவிய கதவை ஒரு வாரம் வெயிலில் வைத்து, எபாக்சி பிரைமர் அடித்து, அதன்மேல் மறுபடி வேலையைத் தொடங்கினேன்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எந்தக் குறையைப் பார்த்தாலும் முதலில் பாலிஷ் போடும் பஃபிங் மெஷினை எடுக்கிறோம். குறை எந்த அடுக்கில் பிறந்தது என்று கண்டுபிடிக்கும்வரை மெஷினைத் தொடவே கூடாது என்பது என் கட்சி. கம்பெனியிலிருந்து வரும் காரில் மொத்தப் பெயிண்ட்டின் கனமே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடியைவிட மெல்லிய ஒரு படலத்தைத்தான் ஒவ்வொரு பாலிஷிலும் கொஞ்சம் கொஞ்சமாக வழித்து எடுக்கிறோம். கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் பாலிஷில் போகாது.

தகரத்தில் மீட்டர் வைத்துக் கனம் பார்க்கலாம். சாதாரண மீட்டர் காந்தத்தை வைத்து வேலை செய்வது. பைபரில் அது ஊமை. அங்கே கண்ணும் விரலும்தான். நான் வேலை பழகிய பெரியவர், "கண்ணு, வெளிச்சத்தச் சாச்சுப் புடி" என்று நாள் முழுக்கச் சொல்லுவார். டியூப் லைட்டின் பிம்பம் பேனலில் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும். கோடு நேராக விழுந்தால் பரப்பு நேர். கோட்டின் ஓரம் நடுங்கினால் அது ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளம். பெயிண்ட் கெட்டியாக இருந்திருக்கும், அல்லது பெயிண்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன் தள்ளி நின்றிருக்கும், அல்லது வெயில் நேரத்தில் வேகமாகக் காயும் தின்னரை ஊற்றியிருப்பார்கள். நன்றாகக் காய்ந்த பிறகு கட்டை வைத்து 1500, 2000, 3000 என்று தண்ணீரில் தேய்த்து பாலிஷ் போட்டால் சரியாகும், கிளியர் கோட்டில் அதற்குக் கனம் இருந்தால். ஒழுகல் விழுந்த இடத்துக்கும் ஏறக்குறைய இதே வைத்தியம்தான். ஆனால் அவசரப்பட்டு அரைகுறையாகக் காய்ந்ததைத் தேய்த்தால் பிய்ந்துகொண்டு வரும்.

ஊசி முனை மாதிரித் துளைகள் தெரிந்தால் கதை வேறு. முதல் கோட் காய்வதற்குள் அடுத்த கோட்டைக் கனமாக ஏற்றியிருப்பார்கள். மேலே தோல் கட்டிவிடும், உள்ளே அடைபட்ட தின்னர் வெளியேற வழி தேடித் துளை போடும். இதைத் தேய்க்கத் தேய்க்க அடியில் இருக்கும் துளைகள் புதிதாகத் திறக்கும். துளை முடியும் இடம்வரை தேய்த்து இறக்கி, மறுபடி அடிப்பது ஒன்றே வழி. கன்னைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்தால் இது வராது.

வட்டக் குழிகள், மீன் கண் மாதிரி நடுவில் புள்ளியோடு வந்தால் எண்ணெய். கம்ப்ரசரிலிருந்து வரலாம், டாஷ்போர்டுக்குப் போடும் சிலிக்கான் பாலிஷிலிருந்து வரலாம். நம் வீட்டில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்காமல் யார் வெளியே கிளம்புகிறோம்? தலையைத் தடவிய கை பேனலைத் தொட்டால் போதும். என் பட்டறைப் பையன்களிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். துடைக்க இரண்டு துணி வேண்டும். ஒன்றை எண்ணெய் எடுக்கும் கரைசலில் நனைத்துத் தடவி, அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெயை பேனல் முழுக்கப் பரப்புகிறோம், அவ்வளவுதான்.

ஊரின் காற்றும் பெயிண்ட்டில் வந்து உட்காரும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று தரையிலுள்ள புழுதியைக் கிளப்பிவிடும். பக்கத்தில் நூற்பாலை இருந்தால் பஞ்சு இழை பறந்து வந்து ஈரமான கிளியரில் ஒட்டும். அதனால் ஆடியில் விடிகாலையிலேயே தரையை நனைத்துவிட்டு அடிக்கிறோம். வார்ப்படப் பட்டறைகள் உள்ள தெருவில் வெள்ளைக் காரை நிறுத்துகிறவர்கள் கூரையில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளைப் பார்த்திருப்பார்கள். அது இரும்புத் துகள், பெயிண்ட்டில் உட்கார்ந்து துருப்பிடித்திருக்கிறது. துணியால் அழுத்தித் தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும். களிமண் மாதிரி ஒரு கட்டி விற்கிறார்கள், சோப்புத் தண்ணீர் விட்டு அதை லேசாக ஓட்டி எடுத்தால் துகள் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

இப்போது பைபருக்கு வருகிறேன், ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அதைப் பேசாமல் முடியாது. 1953இல் அமெரிக்காவில் வந்த ஷெவர்லே கார்வெட்டே பைபர் பாடிதான். நம் ஊருக்கும் ரேஸ் காருக்கும் பழைய உறவு உண்டு. 1988இல் நம் ஊர் ரேஸ்காரர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் கார்களைச் செய்தார். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் நிற்கிறது. 2005இல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்க்காரர்தான். அதனால் கல் அடிபட்ட முன்மூக்கும் உடைந்த பைபர் துண்டும் எங்களைப் போன்ற பட்டறைகளுக்குப் புதிதல்ல.

அச்சிலிருந்து எடுத்த பைபர் துண்டின்மேல் மெழுகு இருக்கும். அதைத் துடைக்காமல் தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கிவிடும். அப்புறம் எந்த பிரைமரும் நிற்காது. அதனால் முதலில் துடைப்பு, பிறகுதான் தேய்ப்பு. நட்சத்திரம் மாதிரி விரிசல் தெரிந்தால் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார்கள், அல்லது பின்பக்கமிருந்து இடி விழுந்திருக்கும். மேலே பட்டி பூசினால் சில மாதத்தில் அதே நட்சத்திரம் திரும்பி வரும். விரிசலை வாய்க்கால் மாதிரித் தோண்டித் திறந்து, உள்பக்கம் கண்ணாடி இழை விரிப்பும் ரெசினும் வைத்து பலப்படுத்திய பிறகுதான் மேல்பக்கம் நிரப்ப வேண்டும்.

கறுப்பு, கருநீலம் கேட்டு வருகிறவர்களிடம் நான் கொஞ்சம் நேரம் கேட்பேன். அடர்ந்த நிறம் வெயிலை வாங்கிச் சூடாகும், ரெசின் மேலும் இறுகிச் சுருங்கும், அடியில் இருக்கும் கண்ணாடி இழையின் நெசவு பெயிண்ட்டில் பாயின் பின்னல் மாதிரி எழும். அதனால் பிரைமர் அடித்த பேனலைச் சில வாரம் வெயிலில் விட்டுச் சுருங்குவதெல்லாம் சுருங்கட்டும் என்று காத்திருப்பேன். ஈரோடு, கரூர்ப் பக்கம் பங்குனி சித்திரை வெயிலைவிட நல்ல அடுப்பு எங்கே கிடைக்கும்? அடித்து முடித்த பிறகு, பெயிண்ட்டைக் காயவைக்கும் அறையான பூத்தில் சூட்டைப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். தகரத்துக்கு 60 டிகிரியில் அரை மணி நேரம் என்று போவது போல பைபரில் போனால், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து பெயிண்ட்டைக் குமிழியாகத் தூக்கிவிடும்.

ஒன்றை மட்டும் பட்டறைத் தம்பிகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். கிளியர் இறுகக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். ஒரு முறை வந்துவிட்டால் அதன் பிறகு கொஞ்சம் வாசம் பட்டாலும் மூச்சு முட்டும். மூக்கில் கட்டிய கைக்குட்டையும் சாதாரணத் தூசி மாஸ்க்கும் இதற்குப் போதாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடிதான் சரி, குறைந்தபட்சம் கெமிக்கல் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க். முதலாளிகளே, ஒரு காரின் கூலியில் அதை வாங்கிவிடலாம். வாங்கிக் கொடுங்கள்.

அந்தச் சிவப்புக் கதவு நான்கு ஐப்பசி பார்த்துவிட்டது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பொள்ளாச்சிக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு வருவார், நான் கீழ்ப்பாதியை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பேன். இதுவரை ஒன்றும் தட்டுப்படவில்லை. இந்த மாதம் புதிதாகப் பெயிண்ட் அடித்துக் காரை எடுத்திருப்பவர்கள், முதல் ஒரு மாதம் வேக்ஸ் போட வேண்டாம், உறை போட்டு மூடவும் வேண்டாம்; உள்ளே மிச்சமிருக்கும் தின்னர் வெளியேற வேண்டும். புளியமரத்தடியில் நிறுத்தாதீர்கள். பறவை எச்சம் விழுந்தால் காயும்வரை காத்திராமல் ஈரத்துணியை ஒற்றி எடுத்துவிடுங்கள். வணக்கமுங்க.