சீட்டு இல்லாமல் வருகிறவர்கள்

(சேலத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். "சளிக்கும் காய்ச்சலுக்கும்கூட நேரா ஜிஎச்சுக்கு ஓடுறாங்களே, அவங்களுக்குக் கொஞ்சம் உறைக்கிற மாதிரி சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டுதான் மைக்கைக் கொடுத்தார்கள். அது என்னால் ஆகாது. அரசு மருந்தாளுநராக ஜன்னலுக்கு உள்ளே நின்றவன் நான். வெளியே நின்றவர்கள் பக்கம்தான் பேசுவேன்.

ஏற்காட்டு மலையில் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவருக்கு வயிற்றுவலி என்று வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார். "ஸ்கேன் எடுக்கணும், சேலம் போங்க" என்கிறார்கள். அன்றைய கூலி போச்சு. மறுநாள் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தால் அந்தக் கூலியும் போச்சு. அடுத்த தடவை வலி வந்தால் அவர் எங்கே போவார்? நேராகக் கீழேதான். கணக்குத் தெரிந்த மனிதர்.

டாக்டர் பரிந்துரைச் சீட்டு எழுதித் தந்தால்தான் பெரிய ஆஸ்பத்திரி என்ற ஏற்பாடு சில இடங்களில் உண்டு. இங்கிலாந்தில் 1948-இல் தொடங்கிய தேசிய மருத்துவ சேவையில், பெரும்பாலும் குடும்ப மருத்துவர் வழியாகத்தான் நிபுணரைப் பார்க்க முடியும். அதே 1948-இல்தான் இங்கே தொழிலாளர் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. சட்டமும் வந்தது. மில் தொழிலாளர்கள் யாராவது இருந்தால் சொல்வார்கள்: முதலில் டிஸ்பென்சரி, அப்புறம்தான் ஆஸ்பத்திரி. அவசரத்துக்கு மட்டும் விலக்கு. அரசு மருத்துவமனையில் இந்தக் கட்டாயம் இல்லை. வரிசையில் நின்று ஓபி சீட்டு வாங்கினால் போதும். இந்த வசதியை விட்டுவிடக் கூடாது என்பது என் கட்சி.

சரி, அப்படியானால் அந்தப் பரிந்துரைச் சீட்டுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். விஷமுறிவு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உண்டு. அதைத் தாண்டி சேலத்துக்கு வண்டியை விரட்டுவது ஆபத்து. சுகாதார நிலையத்தில் முதல் மருந்தை ஏற்றி அனுப்பும்போது, எத்தனை மணிக்குக் கடித்தது, எத்தனை குப்பி ஏறியிருக்கிறது என்று எழுதிக் கொடுப்பார்கள். கீழே இருக்கும் டாக்டருக்கு அந்தத் துண்டுக் காகிதம் எவ்வளவு பெரிய விஷயம்!

சீட்டு இல்லாமல் வருகிறவரிடம் இந்த விவரம்தான் இருக்காது. ஒரு அம்மா மஞ்சள் பையைக் கவிழ்த்தார். மாத்திரை அட்டைகளைக் கத்தரியால் இரண்டு இரண்டாக வெட்டியிருந்ததில், பெயரும் போய்விட்டது, காலாவதித் தேதியும் போய்விட்டது. "சின்ன வெள்ளை மாத்திரை காலையில, சாமி" என்றார். சர்க்கரை மாத்திரையும் வெள்ளை, பிரஷர் மாத்திரையும் வெள்ளை. எதை வைத்துச் சொல்வது?

இதில் ஆஸ்பத்திரிகள் மேலும் எனக்குக் குறை உண்டு. மேலிருந்து சீட்டு வருகிறது. கீழிருந்து பதில் போவது அபூர்வம். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற தாள் நோயாளிக்கும் புரிவதில்லை, மலைமேல் இருக்கும் நர்ஸம்மா கைக்கும் போய்ச் சேருவதில்லை. 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஜிஎச்சில் மாற்றி எழுதிய மாத்திரையை, வீட்டுக்குக் கொண்டுவருபவருக்கு யார் சொல்வது? அந்தத் தாளில் மருந்தின் பெயர், அளவு, அடுத்து எங்கே காட்ட வேண்டும் என்று மூன்று வரி தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். டாக்டர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.